நல்லா இருக்கிற ஆளுக்கு எதுக்கு மாத்திரை?

"நான் நல்லாத்தானே இருக்கேன்? நல்லா இருக்கிற ஆளுக்கு எதுக்கு மாத்திரை?"

நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு முறுக்கிக்கொண்டார் போட்டோகிராபர். எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவருக்கு அவள் 'டீச்சர்'தான்.

ஒரு மருத்துவமனை தன் இணைய வகுப்புக்காகக் கேட்ட வீடியோ அது. மாரடைப்பு வராமல் தடுக்க டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையை வாங்கி, எங்கேயோ போட்டுவிட்டு மறந்துபோகும் மகானுபாவர்களுக்காக. பதில்களை மட்டும் மருத்துவமனை அனுப்பியிருந்தது. கேள்விகளைச் சாதாரண ஜனங்கள் கேட்பதுபோல் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. நடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி, கேமராவை ஸ்டாண்டில் பூட்டிவிட்டுப் போட்டோகிராபரே நோயாளியாக உட்கார்ந்துவிட்டார். பதில் சொல்லும் வேலையை, பதில் தாளோடு டீச்சரிடம் கொடுத்துவிட்டார்.

"சிரிக்காதே டீச்சர். லட்சம் பேர் பார்க்க வேண்டாம். பார்த்துட்டு ஒரே ஒருத்தர் மாத்திரையை முழுங்கினாப் போதும், எனக்கு அது பெரிசு."

டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். "நல்லா இருக்கும்போதே போடறதுதாங்க இது. கொழுப்பு ரத்தக்குழாயில சத்தமில்லாம படியும். வலிக்காது, சொல்லிட்டும் வராது. கொட்டற மழையிலயா கூரை மேல ஏறி ஓடு மாத்துவீங்க?"

எப்பேர்ப்பட்ட மக்குக்கும் பின்னக் கணக்கைப் புரியவைத்த குரல் அது. போட்டோகிராபருக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தில் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

"தினம் நடக்கறேன், எண்ணெயைக் குறைச்சிட்டேன். அது போதாதா?"

"நடங்க, குறைங்க, யார் வேண்டாம்னா? உங்க வயசு, பிரஷர், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையும் வேணும்கிறார். ஒத்தைச் சக்கரத்துல வண்டி ஓடுமா?"

"கை கால் வலிக்கும்கிறாங்களே?"

"சிலருக்கு வலிக்கலாம். வலிச்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க. அளவைக் குறைப்பார், இல்லே மருந்தையே மாத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு நீங்களா நிறுத்திடாதீங்க."

போட்டோகிராபர் கொஞ்சம் தயங்கினார். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"எங்க அண்ணன் நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்தார்னா, நானும் விழுந்துடுவேனா?"

டீச்சர் கையிலிருந்த பதில் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொந்தமாகவே பேசினாள்.

"விழுவீங்கன்னு யார் சொன்னா? விழக் கூடாதுன்னுதான் சொல்றோம். அவர் போனப்புறம் அந்த வீடு என்ன பாடுபட்டுதுன்னு கண்ணால பார்த்தீங்கல்ல? உங்க வீட்லயும் ஒரு ஜீவன் உங்களை நம்பி இருக்கு."

அதற்குமேல் போட்டோகிராபரால் நடிக்க முடியவில்லை. எழுந்துபோய்க் கேமராவை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம் டீச்சர். கல்லும் கரைஞ்சிடும்."

"நீங்க மட்டும் என்னவாம்? அசல் அடம்பிடிக்கிற ஆளேதான்!" என்று வாய்விட்டுச் சிரித்தாள் டீச்சர். "அது சரி, ஒத்தைப் பிள்ளையாப் பிறந்த மனுஷன், உங்களுக்கு ஏது அண்ணன்?"

"எனக்கு ஏது? உனக்குத்தானே இருந்தார்," என்றபடி, அவள் கைப்பையிலிருந்து இன்னும் ஒன்றுகூடப் பிரிக்காத மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார் போட்டோகிராபர். "போன மாசம் டாக்டர் இதை உனக்கு எழுதிக் குடுத்தப்போ, நீ அவர்கிட்ட கேட்டதைத்தான் இன்னைக்கு ஒண்ணுவிடாம உன்கிட்ட கேட்டேன்."

அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்த டீச்சர், "தண்ணி கொண்டாங்க," என்றாள்.