நூற்று இருபத்தொன்பதாவது பாதி

“போய்ச் சேரவே சேராது மேடம். பாதி தூரம் போனா பாதி மிச்சம், அதுல பாதி போனா அதுலயும் மிச்சம். விடிய விடிய ஓடினாலும் சுவத்தைத் தொடாது,” என்றான் அண்ணன்.

நேர்காணல் நடத்திய அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரையாக இணைத்திருந்த டிவியைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் இருந்தது ஒரே ஒரு ஆசிரியர் வேலை. அவர் முகத்தைப் பார்த்தால் அது அண்ணனுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது போலிருந்தது.

தங்கை சுவரோரம் நின்றாள். வீட்டிலிருந்து டிவியைக் கொண்டுவர, மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவளைக் கூட்டி வந்திருந்தான்.

திரையில் ஒரு புள்ளி, எதிரே வரைந்திருந்த சுவரை நோக்கித் தாவியது. ஒவ்வொரு தாவலுக்கும் மிச்சமிருந்த தூரத்தில் பாதி. எட்டாவது தாவலிலேயே சுவரோடு ஒட்டிவிட்ட மாதிரி தெரிந்தது. மிச்சத் தூரத்தைக் காட்டிக் கீழே ஓடிய எண் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று சிறுத்துக்கொண்டே போனது.

கேசட்டிலிருந்து ஏற்றிய அந்தப் புரோகிராமை ஆறு வாரம் உட்கார்ந்து எழுதியவள் அவள். முதல் வரியில் இருந்த அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டதுதான் அண்ணன் பட்ட பாடு. அதையும் ஒற்றை விரலால் தட்டித் தட்டித்தான் முடித்தான்.

இதே வேலைக்கு அவளும் விண்ணப்பம் எழுதியிருந்தாள். தபாலில் போடச் சொல்லி அவனிடம்தான் கொடுத்தாள்.

போன வாரம் படுக்கையை உதறும்போது அது அவன் மெத்தைக்கு அடியில் கிடைத்தது. தபால்தலை கூடக் கசங்கவில்லை.

அவள் சண்டை போடவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்து, மேலே விரிப்பையும் இழுத்துவிட்டாள்.

தொண்ணூறாவது தாவல். தொண்ணூற்றொன்று.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். வீட்டில் ஒரு மதியம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தவன் அவன். எண் சிறுத்துக்கொண்டே போனதே தவிர நின்றபாடில்லை. அந்தத் தைரியம் அவனுக்கு.

நூற்று இருபத்தேழு. நூற்று இருபத்தெட்டு.

அவள் மூச்சை மெல்ல விட்டாள்.

நூற்று இருபத்தொன்பதாவது தாவலில் எண் இருந்த இடத்தில் வெறும் பூஜ்யம் நின்றது. புள்ளி சுவரைத் தொட்டுவிட்டது.

“சேராதுன்னீங்களே தம்பி, எப்படிச் சேர்ந்துச்சு?”

அண்ணன் ஒயரை ஆட்டிப் பார்த்தான். டிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதே நூற்று இருபத்தொன்பது. அவன் காது சிவந்ததை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

அம்மாளின் பார்வை சுவரோரம் வந்து நின்றது.

அவள் சொன்னாள். ஓர் அளவுக்குக் கீழே போனால் இந்த மெஷினால் எண்ணைப் பிடித்துவைக்க முடியாது, பூஜ்யம் என்று கைகழுவிவிடும். அதற்கு முன்பே எண்ணைப் பெருக்கி வைத்துக்கொண்டு, எத்தனை முறை பெருக்கினோம் என்பதைத் தனியாக எண்ணி வரவேண்டும். இரண்டே வரி போதும்.

அம்மாள் அண்ணனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் உட்கார்ந்து இரண்டு வரிகளையும் நிறுத்தாமல் தட்டினாள். புள்ளி நூற்று முப்பதைத் தாண்டியது. இருநூறையும் தாண்டியது. அம்மாள் ஒரு புதுத் தாளை எடுத்து அவள் பெயரைக் கேட்டார்.

அந்த வரிகளுக்காக யோசிக்க வேண்டிய வேலையே அவளுக்கு இருக்கவில்லை. காலையில், அண்ணன் வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்த இரண்டு வரிகளையும் புரோகிராமிலிருந்து அழித்துவிட்டு, மிச்சத்தைக் கேசட்டில் பதிவுசெய்து வைத்தவள் அவள்தான்.