மூத்த ஊடக ஆளுமை

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, பெண் வீட்டுக்குள்ளிருந்து தன் குரல் வருவதைக் கேட்டார் ராஜமாணிக்கம். யாரோ செல்போனில் அவருடைய பாட்காஸ்டைப் போட்டிருந்தார்கள். அழைப்பு மணியை அழுத்தியதும் குரல் சட்டென்று நின்றது.

“கேட்டியா?” என்று மனைவி பக்கம் திரும்பினார். “நம்ம பேச்சு கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வந்துடுச்சு.”

“பையனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கோம். உங்களுக்கு ரசிகர் மன்றம் தொறக்க இல்ல,” என்றாள் சரோஜா. “வாய கொஞ்சம் கம்மியா தொறங்க, போதும்.”

மகன் ஆதவனுக்குக் கூட வேலை பார்க்கும் இனியாவைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அப்பா என்ன செய்கிறார் என்பதை மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமலே தள்ளிப்போட்டு, போன வாரம்தான் சொன்னான். பாட்காஸ்டின் பேரை இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, “அப்பாவ அவசியம் கூட்டிட்டு வாங்க” என்றாளாம் இனியா.

ராஜமாணிக்கம் குமாஸ்தாவாக ஓய்வு பெற்ற கையோடு மைக் வாங்கியவர். திருவண்ணாமலையில் தன் வீட்டு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து ‘மலையடி மைக்’ என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார். எந்த நடிகருக்கு யாரோடு சண்டை, எந்த செய்தி வாசிப்பாளரை எந்த சேனல் கழற்றிவிட்டது, ஊரில் எந்த வீட்டில் என்ன புகைச்சல், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாததும் தெரியும். விசிட்டிங் கார்டில் ‘மூத்த ஊடக ஆளுமை’ என்று அச்சடித்திருந்தார். அதில் ‘மூத்த’ என்பது உண்மை.

இனியாவின் அப்பா சகாதேவன் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். கூடத்து மூலையில் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“புது வீடுங்களா?” என்றார் ராஜமாணிக்கம்.

“வாடகைதான் சார். சொந்த வீடு வேங்கிக்கால்ல இருக்கு, பூட்டிக் கெடக்கு. அங்க சத்தம் ஜாஸ்தியாப் போச்சு. வந்துட்டோம்.”

“கலெக்டர் ஆபீஸ் பக்கமில்ல? வண்டிங்க போக வர இருக்கும்.” ஆறுதல் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார். “உள்ள வரும்போது நம்ம குரல் கேட்டுதே?”

“ஆமாங்க. அந்த நிச்சயதார்த்தம் எபிசோடு. எங்க வீட்ல எல்லாருக்கும் மனப்பாடம்.”

ராஜமாணிக்கம் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் அகலமானார்.

“அத நேர்ல ஒரு தடவ சொல்லுங்களேன் சார்,” என்றார் சகாதேவன். “உங்க வாயால கேக்கணும்.”

“வேணாம்ப்பா,” என்றான் ஆதவன். சரோஜா கணவரின் காலை மிதித்தாள். ஆனால் ஊடக ஆளுமை அதற்குள் தொண்டையைக் கனைத்து, இல்லாத மைக்கைக் கையில் பிடித்தாகிவிட்டது.

“பேர் வேணாம். நம்ம ஊர்ல ஒரு வீடு.” அது அவருடைய முத்திரை வாசகம். எல்லாக் கதையையும் அப்படித்தான் ஆரம்பிப்பார். “நிச்சயத்துக்கு சமையல்காரரு அடுப்பு பத்த வெச்சாச்சு. பந்தி பாய் விரிச்சாச்சு. மாப்பிள்ள வீட்டு வேன் மட்டும் வரல. ஏன் வரல? பொண்ணோட போன்ல வேற ஒரு வண்டி முன்னாடியே வந்து நின்னுடுச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடத்தில் அவர் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

“இது நெஜமா நடந்ததுங்களா?” என்றார் சகாதேவன்.

“நிச்சயம் நின்னது நெஜம். ஒரு நேயர் வாட்ஸப்ல ஒரு வரி அனுப்பினாரு. மீதி நம்ம சரக்கு.” வீட்டு மனிதர்களிடம் தொழில் ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார். “மாப்பிள்ள வீட்ல கார் கேட்டாங்க, இவங்க முடியாதுன்னுட்டாங்கன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தாரு. அதுவே நெஜமாக்கூட இருக்கலாம். ஆனா அதச் சொன்னா யார் சார் கேப்பாங்க? பொண்ணு மேல கொஞ்சம் பொடி தூவினாத்தான் கடைசி வரைக்கும் கேப்பான்.”

ஆதவன் தலையைத் திருப்பி மூலையிலிருந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்தான். அதற்குப் பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“அந்தப் பொண்ணு கேட்டிருந்தா?” என்றார் சமையலறை வாசலில் நின்றிருந்த இனியாவின் அம்மா.

“அதுக்குத்தாம்மா பேர் சொல்றதில்ல. பேர் சொன்னாத்தான் கேஸு. சொல்லலன்னா யாருக்கும் நஷ்டம் இல்ல பாருங்க.”

அந்த அம்மாள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். நகைச்சுவை கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார் ராஜமாணிக்கம்.

இனியா காபித் தட்டோடு வந்தாள். சரோஜாவுக்குக் கொடுத்தாள். ஆதவனுக்கு நீட்டினாள், குனிந்த தலை நிமிராமலே அவன் டம்ளரை வாங்கிக்கொண்டான். கடைசியாக ராஜமாணிக்கத்தின் எதிரே வந்து நின்று அவரை நேராகப் பார்த்தாள்.

பெண் பார்க்கும் இடத்தில் அப்படி யாரும் பார்த்து அவர் கண்டதில்லை. யாராவது ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது. எல்லாப் பெண் வீட்டிலும் எல்லா மாமனார்களும் தெரிந்துகொண்டே கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுவைத்தார்.

“உன் பேர் என்னம்மா?”

டம்ளரை அவர் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, இனியா சொன்னாள்:

“பேர் வேணாம் சார். நம்ம ஊர்ல ஒரு வீடு.”