பழைய வேகம்

“வாங்க டீச்சர். இந்தத் தடவை எவ்வளவு குறைக்கணும்?”

கேட்டுக்கொண்டே ஸ்டுடியோ ரெக்கார்டிஸ்ட் மேஜை மேலிருந்த ரெக்கார்டரைப் போட்டு அவளுடைய பாட்டைத் திறந்தான். சின்னத் திரையில் தாளத்தின் வேகம், டெம்போ, அறுபது என்று காட்டியது. இன்னும் இறக்குவதற்காகக் குமிழில் விரலையும் வைத்துவிட்டான்.

“குறைக்க வேணாம் தம்பி. முதமுதல்ல வச்ச வேகத்துக்கே போகணும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் எதுவும் இல்லை. எப்போதும் அப்படித்தான். மருந்துக் கடையில் சீட்டை நீட்டிவிட்டு நிற்கிற மாதிரி நிற்பாள்.

டீச்சர் என்பது அவனாக வைத்த பேர். முதல் தடவை வந்தபோதே, பாட்டுக்கு நடுவில் வரிகள் இல்லாமல் கொஞ்ச நேரம் தாளம் மட்டும் ஓடட்டும் என்று கேட்டாள். ஏன் என்றதற்கு, “திரும்புறதுக்கு” என்றாள். பாடும்போதும் கண் தரையிலேயே இருந்தது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு காலை லேசாக எடுத்து வைத்தாள். டான்ஸ் ஸ்கூல் நடத்துகிறாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். டீச்சர் என்று கூப்பிட்டபோது அவளும் ஏனென்று கேட்கவில்லை.

பாட்டு துள்ளலான பாட்டுதான். இரண்டு பேர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பாட்டு. “யார் எழுதினது?” என்றதற்கு “வீட்லதான்” என்றாள். நூற்றுப் பத்தில் பதிவு செய்தார்கள். சில வாரம் கழித்து வந்து வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். மறுபடி வந்தாள், மறுபடி குறைத்தான்.

ரெக்கார்டருக்குள்ளேயே இருக்கிற டிரம்ஸ், எண்ணை மாற்றினால் தானாக மெதுவாகிவிடும். குரல் ஆகாது. இழுத்துப் பார்த்தான், தண்ணீருக்கடியிலிருந்து பாடுவது போல் இருந்தது. அதனால் ஒவ்வொரு தடவையும் பழைய குரலை அழித்துவிட்டு அவளே புதிதாகப் பாட வேண்டியிருந்தது. தன் போனில் இருந்த பழசையும் எடுத்துவிடச் சொல்வாள். “தப்பித் தவறி அது ஓடிடக் கூடாது தம்பி.”

போன தடவை அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இந்த வேகத்துல ஓடினா இன்னைக்கு பஸ் மட்டுமில்ல, நாளைக்கு பஸ்ஸும் கிடைக்காது டீச்சர்!”

அவள் சிரிக்கவில்லை. “ஆமா” என்றாள்.

இன்றைக்கு அவனுக்கே உற்சாகம் வந்துவிட்டது. “அப்படிப் போடுங்க! எல்லாரும் தேறிட்டாங்க போல.”

“ஃபேனை நிறுத்திடவா?” என்றாள் அவள்.

ஃபேன் நின்றது. எதிரொலிக்காமலிருக்க முட்டை அட்டைகள் ஒட்டிய சின்ன அறைக்குள் போய் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவன் டெம்போவை நூற்றுப் பத்தாக்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கையைக் காட்டினான். முதல் வரியிலேயே அவள் பின்தங்கினாள். இரண்டாவது வரி முடிவதற்குள் தாளம் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது.

“பின்னாடி போறீங்க டீச்சர். காதுல வர்ற டிக் டிக்கைப் பிடிச்சுக்கங்க.”

மறுபடி பாடினாள். மறுபடி அதே கதை.

“நீங்க பாடின பாட்டுதானே? என்னாச்சு?”

“மெதுவாவே பழகிப்போச்சு. கால் வர மாட்டேங்குது.”

“கால் எதுக்கு? வாய் வந்தாப் போதுமே!”

பாடிய வரைக்கும் துண்டு துண்டாக வெட்டி முன்னால் தள்ளிப் பார்த்தான். யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அழித்துவிட்டான்.

“கீழ பார்க்காதீங்க டீச்சர். என் கையைப் பாருங்க.”

கண்ணாடி ஓரமாக நின்று அவன் தொடையில் தட்டிக் காட்டினான். அவள் தரையிலிருந்து கண்ணை எடுத்தாள். இந்தத் தடவை குரல் தாளத்தோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் வரிகள் இல்லாத இடம் வந்தபோது அவள் தன்னை அறியாமல் பாதி திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“இந்த இடம் இனி வேணாம் தம்பி. எடுத்துடலாமா?”

எடுத்தான். மீதியையும் பாட வைத்து, இரண்டு பாதியையும் தட்டு பிசகாமல் சேர்த்தான். முழுசாகப் போட்டுக் கேட்டபோது பாட்டு மூச்சிரைக்க ஓடிப் போய்ப் பஸ்ஸில் தொற்றிக்கொண்டது. அவன் மேஜையில் தாளம் போட்டான். அவள் கையை மடியில் வைத்தபடி, வேறு யாரோ பாடியதைக் கேட்பது போல் கடைசி வரை கேட்டாள்.

அவளுடைய போனில் ஏற்றிக்கொடுத்தபடியே சொன்னான், “இதுக்கு உங்க பசங்க ஆடறதை ஒரு நாள் வந்து பார்க்கணும் டீச்சர்.”

“எந்தப் பசங்க?”

“டான்ஸ் சொல்லித் தர்றீங்கள்ல?”

“எனக்கு ஆடவே தெரியாது தம்பி.” குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “இது எங்க வீட்டுக்காரருக்கு. நடுக்குவாதம். சும்மா நடங்கன்னா கால் தரையில ஒட்டிக்கும். பாட்டைப் போட்டா அந்தத் தட்டுக்குத் தட்டு அடி எடுத்து வைப்பாரு. ஹால்ல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி. அங்கே திரும்பி மறுபடி இங்கே.”

பஸ் பற்றிச் சொன்ன கிண்டல் அவனுக்குச் சுருக்கென்றது. ரெக்கார்டர் பக்கம் திரும்பினான். திரையில் நூற்றுப் பத்து. சட்டென்று முகம் மலர்ந்தது.

“அட, அப்போ பழைய வேகத்துக்கே வந்துட்டாரா! இப்ப நல்லா நடக்கறாருன்னு சொல்லுங்க!”

அவள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“இல்ல தம்பி. நேத்து வீல்சேர் வந்துடுச்சு. இனி உக்காந்துதான் கேக்கப்போறாரு.”