உள்ளே யாருமில்லை

தூத்துக்குடியில் இறால் குளிர்கிடங்குக்குள் சுயம்பு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோதே வெளியே கதவின் மின்னணுப் பூட்டை மாற்றிவிட்டார்கள். எந்தப் பூட்டையும் நொடியில் உடைக்கும் குவாண்டம் கம்ப்யூட்டர் வரப்போகிறதாம். அதாலும் உடைக்க முடியாத பூட்டை முந்திக்கொண்டு மாட்ட வேண்டுமாம். அவர் உள்ளே வந்த பதிவு பழைய பூட்டோடு போய்விட்டது.

"அண்ணாச்சி, உள்ள யாருமில்லைன்னு காட்டுது. காலையிலதான் தொறக்குமாம்," என்று பூட்டு மாட்டிய எஞ்சினியர் கதவுக்கு அப்பாலிருந்து கத்தினான்.

"அப்ப நான் யாருலே, பேயா? குளிரையாவது நிறுத்து!"

"அதுக்கும் இதே பூட்டுதான் அண்ணாச்சி."

வெளியிலிருந்து கடப்பாரையால் இடித்தார்கள், எஃகுக் கதவு அசையவில்லை. சுயம்புவின் மூச்சு மீசையில் உறைந்தது. விரல்கள் மரத்துவிட்டன. கதவில் நெற்றியைச் சாய்த்துக் கேட்டார்:

"தம்பி, பூட்டை உடைக்கிற அந்தக் கம்ப்யூட்டரு எப்பம் வரும்?"

"வந்தாலும் இதை உடைக்காது அண்ணாச்சி," என்றான் அவன், அழுதுகொண்டே.