இரண்டாவது பொருள்

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள் விழுந்தன. வேறொன்றும் இல்லை.

பிரா வந்திருந்தது. உட்புறம் பை வைத்துத் தைத்தது.

அந்தப் பைக்குள் வைக்க வேண்டியதுதான் வரவில்லை.

செயலியில் பச்சை எழுத்து. உங்கள் ஆர்டர் முழுமையாக ஒப்படைக்கப்பட்டது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். மின்வாரிய அலுவலகத்தில் பணம் கட்டும் கவுண்ட்டர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் ஊரே வரிசையில் நிற்கும். ஊரே பார்க்கும்.

"நான் பேசறேன் அம்மிணி" என்றான் அவள் கணவன் சென்னியப்பன். போனை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றான். காது சற்று மந்தம். ஸ்பீக்கரில்தான் பேசுவான். அவளுக்கு அடுப்படி ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"ரெண்டு பொருள் போட்டிருந்தோமுங்க. ஒண்ணுதான் வந்திருக்குது."

"எது சார் வரலை?" ஒரு இளம்பெண்ணின் குரல்.

"அது... அந்த இன்னொண்ணுங்க."

"பேரைச் சொல்லுங்க சார்."

"லேடீஸ் சாமானுங்க."

"பொருளோட பேர் சொன்னாத்தான் சார் புகார் பதிய முடியும்."

அவன் பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்தான். அங்கே ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் பிடரியில் வேர்வை.

கட்டுப் பிரித்து மருந்து வைத்தவன் அவன். குழாய் வழியே வடிந்த நீரைக் கொண்டுபோய்க் கொட்டியவன். கை தூக்க முடியாத நாட்களில் அவளுக்குத் தலை வாரிவிட்டவன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆப்பரேஷன் என்றார்கள். கட்டி என்றார்கள். அந்தப் பக்கம் என்றார்கள்.

அவளும்தான்.

வெளியே வந்தாள். "போனைக் குடுங்க."

வாங்கினாள்.

"மார்புங்க" என்றாள். "சிலிகான் மார்பு. கேன்சர்னு எனக்கு ஒரு மார்பை எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா வெக்கிறது. அதுதான் வரலை."

மாடியில் துணி உதறும் சத்தம் நின்றது.

பிறகு எதையோ பார்த்துப் படிக்கிற குரலில் அந்தப் பெண் கேட்டாள். "பெட்டி பிரிக்கிறப்போ வீடியோ எடுத்தீங்களா மேடம்? வீடியோ இல்லைன்னா..."

"வராத பொருளை எப்படிங்க வீடியோ எடுக்கறது?"

அவளே தொடர்ந்து பேசினாள்.

"ரெண்டுக்கும் பணம் வாங்கியிருக்கீங்க. பில்லுல ரெண்டும் இருக்குது. அனுப்பிச்சோம்னா நீங்கதான் அதைக் காட்டோணும். நான் எதைக் காட்டறது?"

விசைகள் தட்டும் ஓசை. வெகு நேரம்.

"மேடம், சாரி. ரெண்டாவது பொருள் கிடங்கை விட்டே கிளம்பலை. தப்பா முடிச்சு வெச்சிருக்காங்க. பணத்தைத் திருப்பிப் போட்டுடச் சொல்லட்டுமா?"

"பணம் வேண்டாம். பொருள்தான் வேணும்."

"அடுத்த வாரம் ஆயிடும் மேடம்."

"ஆகட்டும்."

அவள் போனை வைத்துவிடுவாள் என்று இவள் நினைத்தாள். அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"எந்தப் பக்கம்க்கா?"

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லாரும் கண்ணாலேயே தேடித் தெரிந்துகொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி பேசினார்கள்.

"இடது" என்றாள்.

"இடதுன்னு தனியா எழுதி அனுப்பறேன்க்கா. மாத்தி அனுப்பிடப் போறாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் போனோடு சேர்த்து அவள் கையையும் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் புடவைக்கு இஸ்திரி போட்டாள்.

"இன்னும் ஒரு வாரம் லீவு சொல்லிக்கலாம் அம்மிணி. அது வந்துரட்டும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் தரையில் புரளாமல் புடவையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

காலையில் கைக்குட்டையை மடித்து அந்தப் பைக்குள் வைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்.

எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தினான். "உள்ள வரைக்கும் வரட்டுமா?"

"வேண்டாமுங்க. வெயிலாகுது, நீங்க கிளம்புங்க."

படியேறிப் போனாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை. அவள் உள்ளே மறைந்த பிறகும் அவன் வண்டியைக் கிளப்பவில்லை.

அடுத்த வாரம் பொருள் வந்தது. கொண்டுவந்த ஆள் ஓடிபி கேட்டான்.

"இருங்க தம்பி. பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான் சென்னியப்பன்.

நின்றபடியே பிரித்தான். அட்டையைப் படித்தான். வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குது" என்று எண்ணைச் சொன்னான்.

ஆள் போனதும் அவளை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். சில்லறை கொடுங்க, அடுத்த ஆள் வாங்க என்று அவள் யாரிடமோ சொன்னாள்.

"வந்துருச்சு அம்மிணி" என்றான். "வண்டில கொண்டாந்து குடுத்துரட்டுமா?"

"எதுங்க?" என்றாள் அவள்.