முன்னப்பின்ன

“பொண்ணுக்கு நீங்க போன் போட்டது, ஸ்கூட்டர் விழுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? அது ஒண்ணுதான் சார் பாக்கி.”

காவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இயற்பியல் ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

தாளில் இரண்டு நேரங்கள் இருந்தன. மகள் சாலையில் சரிந்ததைப் பதிவுசெய்த கேமராவில் ஐந்து நாற்பத்திரண்டு. ஆசிரியர் தன் போனைப் பார்த்து வாசித்துச் சொன்னதும் ஐந்து நாற்பத்திரண்டு.

“கடைக்காரர் கேமரா. கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும்” என்றார் காவலர், மன்னிப்புக் கேட்பதுபோல.

அந்தச் சொல்லை ஆசிரியரின் மனைவி பிடித்துக்கொண்டாள். மகள் இறந்த இந்தப் பதினோரு நாளாக அவளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைத்திருக்கவில்லை.

“நீங்கதானே தொண்டை கிழியக் கத்துவீங்க? ஒருத்தருக்கு முன்னாடி நடந்தது இன்னொருத்தருக்குப் பின்னாடி, ரெண்டு பேர் சொல்றதும் சரின்னு. டியூஷன் பிள்ளைங்களுக்கு ஏறுச்சோ இல்லியோ, எனக்கு ஏறிடுச்சு. சொல்லுங்க, பின்னாடின்னு.”

இருபத்திரண்டு வருடமாக அவர் கூடத்தில் பாடம் நடத்தினார். ஓடும் ரயிலையும் அதன் இரு முனைகளில் விழும் மின்னல்களையும் அவள் சமையலறையிலிருந்தே கேட்டிருக்கிறாள். தரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே நேரம். ரயிலில் போகிறவருக்கு முன்முனை மின்னல் முந்தியது.

அது பாடத்தின் முதல் பாதி. இரண்டாம் பாதிக்குள் மிக்சி ஓடத் தொடங்கிவிடும்.

ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்றால், எந்த ரயிலில் ஏறிப் பார்த்தாலும் முன்னது முன்னதுதான்.

மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பின்னாடிதான்” என்றார்.

காவலர் எழுதினார். மணி அடித்து நின்றது, யாரும் எடுக்கவில்லை என்று தாமாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆசிரியர் கையெழுத்துப் போட்டார்.

மனைவி அவர் தோளில் சாய்ந்து, அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அந்த ஐந்து நாற்பத்திரண்டுக்கு, மகள் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“வண்டில இருக்கேன், சீக்கிரம் சொல்லுப்பா.”

விடைத்தாள் திருத்தச் சிவப்பு ரீஃபில் ஒன்று வேண்டியிருந்தது. “சிவப்பு” வரைதான் சொன்னார்.