யான்னா சொல்வது

"இவ சொல்றது டாக்டருக்குப் புரியல. மகனுக்குப் புரியல. பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு மூணு மாசம் முட்டி மோதிப் பாத்துட்டு நின்னுடுச்சு. உங்க மெஷினுக்காவது புரியுதான்னு பாருங்கம்மா" என்றார் கிரைன்.

எண்பத்தெட்டு வயது அவருக்கு. மனைவி யான்னாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, கடலோரச் சீலாந்திலிருந்து மூன்று ரயில் மாறி நைமேகன் நகரம் வரை வந்திருந்தார். கோட்டில் ஒரு பழைய பதக்கம் தொங்கியது.

திர்சா தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திக் கொடுத்தாள். போரையும் வெள்ளத்தையும் கண்டவர்கள் எப்போதோ பேசிப் பதிவு செய்த ஒலிநாடாக்களைக் கணினி தானாகவே கேட்டு எழுதும்படி பழக்குவதுதான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய வேலை.

"இது ஆஸ்பத்திரி இல்லீங்க. தெளிவாப் பேசுறவங்க பேச்சையே எங்க மெஷின் தப்புத் தப்பா எழுதும். அதுலயும் உங்க சீலாந்துப் பேச்சுன்னா..."

"எங்க பேச்சு கடல் தண்ணிம்மா. பழகாதவன் வாயில வெச்சாத் துப்பிடுவான்." கிரைன் சிரித்தார். "ஆனா இவ குரல் உங்ககிட்ட இருக்கே. இருபது வருஷம் முன்னாடி வந்து ரெண்டு மணி நேரம் பதிவு பண்ணிட்டுப் போனாங்களே."

இருந்தது. திர்சா அதைப் பலமுறை கேட்டிருக்கிறாள். 1953 கடல் வெள்ளம். பதினாறு வயது யான்னாவும் பத்து வயதுத் தம்பி யில்லிஸும் கூரைமேல் நிற்கிறார்கள். பக்கத்துப் பண்ணை இளைஞன் கிரைன் படகில் வந்து யான்னாவை ஏற்றிக்கொள்கிறான்.

'படகு நிறைஞ்சிடுச்சு, தம்பிக்குத் திரும்பி வர்றேன்னு சொன்னார். திரும்பி வந்தப்போ வீடே இல்லை.' ஒலிநாடாவில் யான்னா இதை நிதானமாகச் சொல்லியிருந்தார். அன்று கிரைன் காப்பாற்றியது பதினேழு பேரை. மறு வருஷம் பதக்கம் வந்தது. அதன் பிறகு சில வருஷத்தில் கல்யாணம்.

நாற்காலியிலிருந்த யான்னா வாயைத் திறந்தார். பக்கவாதத்துக்குப் பின் அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். குழைந்து போன ஆறேழு அசைகள். மறுபடியும் அதே. மறுபடியும்.

"ஆமா, யான்னா. ஆமா" என்று கிரைன் அவர் கையைத் தடவிக் கொடுத்தார்.

திர்சா ஒலிவாங்கியை அருகில் வைத்தாள். 'ரொட்டி போட்ட ரிப்பன்' என்று எழுதியது கணினி. அடுத்த முறை, 'பாட்டிலில் பூனை'.

"எங்க ஊர்ப் பாதிரியாரோட பிரசங்கமே தேவலைம்மா" என்றார் கிரைன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அந்த முகத்தைப் பார்த்து 'போய் வாருங்கள்' என்று சொல்ல அவளால் முடியவில்லை. "மதியம் வரைக்கும் இருப்பீங்களா? இவங்க குரலை மட்டும் மெஷினுக்குப் பழக்கிப் பாக்குறேன்."

பழைய பதிவையும், அதற்குத் தானே பிழைதிருத்தி வைத்திருந்த எழுத்துப்படியையும் கணினிக்குக் கொடுத்தாள். கிரைன் தகர டப்பாவைத் திறந்து, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிட்டுப் பிட்டு மனைவிக்கு ஊட்டினார். ஒலிபெருக்கியில் பழைய யான்னா கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். இப்போதைய யான்னா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்றரை மணிக்கு மீண்டும் ஒலிவாங்கி. ஐந்து தடவை பதிவு செய்தாள். ஐந்தில் மூன்று தடவை, திரையில் ஒரே வரி வந்தது.

'படகில் இடம் இருந்தது.'

திர்சா பழைய எழுத்துப்படியில் 'படகு நிறைஞ்சிடுச்சு' என்ற வரியைத் தேடிப் பார்த்தாள். ஒலியை மறுபடி ஓட்டினாள். வரியைப் படித்த பிறகு காது வேறெதையும் கேட்க மறுத்தது. ஒவ்வொரு அசையும் அதனதன் இடத்தில் கச்சிதமாக விழுந்தது. மெஷின் தப்பாக எழுதியிருக்கக் கூடாதா என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை.

திரை அவள் பக்கம் பார்த்திருந்தது. எதிரே கிரைன், மனைவியின் மடியிலிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது வந்துச்சாம்மா?"

சொன்னால் இந்தக் கிழவர் வீடு போய்ச் சேருவாரா? சொல்லாவிட்டால், எழுபது வருஷம் பொறுத்து உண்மையைச் சொல்ல வாய் திறந்தவரை மறுபடி ஊமையாக்கிய பாவம் யாருக்கு? மனிதர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"இல்லீங்க" என்றாள். திரையை அணைத்தாள். "வெறும் சத்தம்தான். மன்னிச்சிடுங்க."

கிரைன் தலையாட்டினார். பிறகு மனைவியின் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றினார். நாற்காலியின் பிரேக்கை எடுக்கக் குனிந்தவர், எடுக்காமலே நிமிர்ந்தார்.

"டாக்சிக்குச் சொல்லட்டுமா?" என்று கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டாள் திர்சா.

அவர் நகரவில்லை. கண்கள் நிறைந்திருந்தன.

"இவ சொல்றது எனக்கு முதல் நாளே புரிஞ்சிடுச்சும்மா... வேற ஒருத்தர் காதுலயும் விழட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."